உப்புத்தாளும் ஒரு நாற்காலி ஊரும்

(இது எங்கள் எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். வாசிப்பு வசதிக்காகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம். பேச்சு வழக்கைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)

போன எபிசோடுக்கும் இதுக்கும் நடுவுல மூணு வாரம் கேப் ஆயிடுச்சு. காரணம் ஒரு மேசை.

ஹால்ல போடறதுக்கு ஒரு சின்ன மேசை செய்யணும்னு ஆசை. சதுரமா இல்ல. முந்திரிப்பருப்பு மாதிரி, ஒரு பக்கம் வெளிய வளைஞ்சு, இன்னொரு பக்கம் உள்ள வளைஞ்சு. பலகையில வரைஞ்சு, ஜிக்-சா வெச்சு அறுத்தாச்சு. அறுத்த ஓரம் பூரா ரம்பத்தோட பல் தடம். அதைத் தேய்ச்சு வழவழப்பாக்கணும். அவ்வளவுதான் வேலை. எந்த மிஷின் வாங்கலாம்னு போனைத் திறந்தேன். ஆர்பிட்டல் சாண்டர், ரேண்டம் ஆர்பிட்டல் சாண்டர், பெல்ட் சாண்டர், ஸ்பிண்டில் சாண்டர், டீடெயில் சாண்டர், டிரில்லில் மாட்டுற ஃப்ளாப் வீல். ஆஃபர்ல கிடைச்ச ஒண்ணை வாங்கினேன். பத்தே நிமிஷத்துல என் அழகான வளைவுல வரிசையா தட்டை தட்டையா பட்டை விழுந்துடுச்சு, சரியா உரிக்காத உருளைக்கிழங்கு மாதிரி.

எங்க தெருவுல வேலை பார்க்கிற கார்பென்டர் அண்ணன் ஒருத்தர் வந்து பார்த்தார். கையால ஓரத்தைத் தடவினார். "தட்டையான சாமானை வெச்சு வளைவைத் தேய்ச்சா வேற என்னம்மா ஆகும்?"னு கேட்டார். அப்புறம் தன் பையிலிருந்து ரெண்டு பொருள் எடுத்தார். பழைய ஹவாய் செருப்புல வெட்டின ஒரு துண்டு. ஒரு சாண் நீள பிவிசி பைப். வெளி வளைவுக்குச் செருப்புத் துண்டுல உப்புத்தாளைச் சுத்தணும், ரப்பர் வளைஞ்சு கொடுக்கும். உள் வளைவுக்குப் பைப்புல சுத்தணும். "பைப்பு வளைவை விட சின்னதா இருக்கணும், அது ஒண்ணுதான் கணக்கு."

எனக்கு மேசையை விட அந்த வார்த்தை பிடிச்சுப் போச்சு: உப்புத்தாள். இங்கிலீஷ்காரன் மணல்தாள்னு சொல்றான், இன்னும் பழைய ஆளுங்க கண்ணாடித்தாள்னு சொன்னாங்க. நம்ம ஊர்ல உப்பு. தாளைத் திருப்பிப் பாருங்க, கல்லுப்பைப் பொடிச்சுத் தூவின மாதிரியேதான் இருக்கும். அங்கிருந்து படிக்க ஆரம்பிச்சேன். மூணு வாரம் போச்சு.

முதல்ல ஒரு அடிப்படைக் கேள்வி. மரத்தை ஏன் தேய்க்கணும்? சீவலாமே?

நேரான பலகைன்னா சீவலாம். இழைப்புளியை நார் ஓடுற திசையில தள்ளினா சுருள் சுருளா வரும், பரப்பு கண்ணாடி மாதிரி ஆகிடும். பல பேர் அதுக்கு மேல உப்புத்தாளே போட வேண்டாம்னு சொல்லுவாங்க. ஆனா வளைவுல ஒரு சிக்கல் இருக்கு. மரத்தோட நார் நேரா ஓடுது, உங்க ஓரம் வளைஞ்சு போகுது. அதனால ஒரே ஓரத்துல கொஞ்ச தூரம் நாரோட போவீங்க, அப்புறம் நாரைக் குறுக்க வெட்டுவீங்க, அப்புறம் நாருக்கு எதிரா போவீங்க. எதிர்ல போற இடத்துல கத்தி நாரைப் பிச்சு எடுத்துடும். தேர்ந்த கைக்காரங்க வளைவோட பாதியில திசையை மாத்திப்பாங்க. அந்த இடம் எங்க வருதுன்னு கைக்குத் தெரிய வருஷங்கள் ஆகும். உப்புத்தாளுக்கு இந்தக் கவலை கிடையாது. ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன முனைகள், எந்தப் பக்கம் போனாலும் சுரண்டும். வளைவுன்னாலே தேய்ப்புன்னு ஆனதுக்கு இதுதான் பெரிய காரணம்னு எனக்குத் தோணுது. இதை மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

தேய்ப்புப் பொருள் மனுஷன் கண்டுபிடிச்சதே இல்ல. இயற்கையில ரெடியா இருந்தது. சுறா, திருக்கை வகை மீன்களோட தோல்ல பல்லு மாதிரியே சின்ன முட்கள் இருக்கும். ரோமானிய எழுத்தாளர் பிளினி, முதலாம் நூற்றாண்டில், ஸ்க்வாடினா என்ற மீனின் சொரசொரப்பான தோலால் மரத்தையும் தந்தத்தையும் மெருகேற்றுவதாகக் குறிப்பிடுகிறார். ஜப்பான்ல இன்னிக்கும் வசாபி துருவ சுறாத்தோல் ஒட்டின பலகை இருக்கு. அங்கேயே தோகுசா என்ற ஒரு செடி. தண்டு முழுக்க சிலிக்கா இருப்பதால், காய வைத்து மரத்தைத் தேய்க்கப் பயன்படுத்தினார்கள். ஐரோப்பாவிலும் அந்தச் செடியின் உறவுக்காரச் செடிகளுக்கு அதே வேலைதான்.

நம்ம ஊர்ல? பராய் மரம். திருச்சி பக்கத்துல திருப்பராய்த்துறைன்னு ஊரே இருக்கு, கோயிலின் தல விருட்சம் அதுதான். அந்த இலையைத் தடவிப் பார்த்தா விஷயம் புரியும், சொரசொரன்னு இருக்கும். மரமும் தந்தமும் தேய்க்க, பாத்திரம் விளக்க அந்த இலையைப் பயன்படுத்தியிருக்காங்க. யோசிச்சுப் பாருங்க, சுறாத்தோல், செடித்தண்டு, இலை: மூணுமே வளையும். இயற்கை கொடுத்த உப்புத்தாளெல்லாம் வளைவுக்கேத்த உப்புத்தாள்.

19ஆம் நூற்றாண்டுல இது தொழிற்சாலைச் சரக்கா மாறுது. 1833இல் லண்டனில் ஜான் ஓக்கி கண்ணாடித்தாளைப் பெருமளவில் உற்பத்தி செய்யும் தொழிலைத் தொடங்கினார். கண்ணாடியைப் பொடிச்சு, சலிச்சு, பசை தடவின தாள் மேல தூவுறது. 1834இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தைச் சேர்ந்த ஐசக் ஃபிஷர் மணல்தாளுக்குக் காப்புரிமை வாங்கினார். அப்புறம் கார்னெட் கல். 1891இல் எட்வர்ட் அச்சிசன் என்பவர் களிமண்ணையும் கரியையும் ஒரு இரும்புக் கிண்ணத்தில் போட்டு மின்சாரத்தால் சூடேற்றிப் பார்த்தார். கார்பன் கம்பியின் நுனியில் மினுமினுக்கும் சின்னப் படிகங்கள் ஒட்டியிருந்தன. கார்பனும் கொரண்டமும் சேர்ந்த பொருள் என்று தவறாக நினைத்து 'கார்போரண்டம்' என்று பெயர் வைத்துவிட்டார். உண்மையில் அது சிலிக்கன் கார்பைடு. தப்பான பேர், ஆனா நிலைச்சுடுச்சு. நம்ம திருவொற்றியூர் பக்கம் போயிருந்தா இந்தப் பேரைக் கேட்டிருப்பீங்க: 1954இல் முருகப்பா குழுமம் அமெரிக்க, பிரிட்டிஷ் கம்பெனிகளோடு சேர்ந்து தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல். அந்த அச்சிசன் பேரை ஞாபகம் வெச்சுக்கோங்க. இன்னொரு அச்சிசன் வருவார்.

இடையில ஒரு காமெடி. 1902இல் மின்னசோட்டாவில் ஐந்து பேர் சேர்ந்து, தேய்ப்புக்கல் வெட்டி எடுக்க ஒரு சுரங்கக் கம்பெனி ஆரம்பிச்சாங்க. தோண்டியது கொரண்டம் என்று நம்பினார்கள். அது அனார்த்தோசைட் என்ற, தேய்ப்புக்கு உதவாத கல். கல் போச்சு, சரி, தாளாவது செய்வோம்னு உப்புத்தாள் செய்ய வந்தாங்க. அந்தக் கம்பெனிதான் 3எம். 1914இல் அவர்கள் விற்ற தாளில் இருந்து கல் உதிர ஆரம்பித்தது. விசாரித்தால், ஸ்பெயினிலிருந்து கார்னெட் வந்த கப்பலில் ஆலிவ் எண்ணெயும் வந்திருக்கிறது. வழியில் எண்ணெய் கொட்டி மூட்டைகளில் ஊறிவிட்டது. எண்ணெய்ப் பட்ட கல்லுல பசை ஒட்டுமா? கல்லை வறுத்து எண்ணெயை ஓட்டினார்கள். 1916இல் அவர்களுக்கென்று முதல் ஆய்வுக்கூடம் வந்ததற்கு இந்தத் தலைவலியும் ஒரு காரணம்.

1920இல் அதே கம்பெனிக்கு ஒரு விசித்திரமான கடிதம். ஃபிலடெல்ஃபியாவில் மை தயாரிக்கும் ஃபிரான்சிஸ் ஓக்கி என்பவர், நீங்கள் பயன்படுத்தும் எல்லாக் கற்பொடியிலும் கொஞ்சம் மாதிரி அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார். தாள் இல்லாமல் வெறும் பொடி எதற்கு என்று ஆள் அனுப்பி விசாரித்தார்கள். தண்ணீரில் நனைத்தாலும் கலையாத உப்புத்தாளை அவர் செய்து வைத்திருந்தார். 3எம் அந்த உரிமையையும் வாங்கியது, அவரையும் வேலைக்குச் சேர்த்துக்கொண்டது. 1921இல் 'வெட்-ஆர்-டிரை' சந்தைக்கு வந்தது. (இவர் சவரக்கத்திக்குப் பதிலா உப்புத்தாளால முகம் மழிக்க முடியும்னு நம்பினவர். நம்பினதோட நிக்கல, தன் முகத்துலயே செஞ்சும் பார்த்தார். வீட்ல முயற்சி பண்ண வேண்டாம்.)

சிரிப்புக்கு நடுவுல இதுல ஒரு சீரியஸான விஷயம் இருக்கு. அப்போ கார் பெயின்ட்ல ஈயம் இருந்தது. பட்டறையில உலர்ந்த தாளால தேய்க்கிறவங்க அந்தத் தூளைத்தான் நாள் பூரா சுவாசிச்சாங்க. தண்ணி ஊத்தித் தேய்ச்சா தூள் பறக்காது. நனையும் தாள் கார் பட்டறைகளுக்கு வேலைச் சுலபத்தோட சேர்த்து மூச்சையும் கொடுத்தது.

ஆனா மரத்துக்கு இது உதவல. பச்சை மரப்பரப்புல தண்ணி பட்டா நார் எழும்பி முள்ளு முள்ளா நிக்கும். மரம் உலர்ந்த தேய்ப்புலயே நின்னுடுச்சு. அதோட மின்சாரமும் வந்து சேர்ந்தது. 1926இல் நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரில், போர்ட்டர்-கேபிள் கம்பெனியின் பொறியாளர் ஆர்ட் எம்மன்ஸ், கையில் தூக்கிப் பயன்படுத்தும் மின்சார பெல்ட் சாண்டரை உருவாக்கினார். ஒரு ஆள் ஒரு மணி நேரம் கையால தேய்ச்சு உண்டாக்குற தூளை இப்போ சில நிமிஷத்துல உண்டாக்கலாம்.

இங்கதான் நான் அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். இங்கிலாந்துல பக்கிங்ஹாம்ஷயர், ஹை விக்கம். லண்டனுக்கு வடமேற்கே, பீச் மரக் காடுகளுக்கு நடுவில் இருக்கிற ஊர். ஃபுட்பால் பார்க்கிறவங்களுக்கு விக்கம் வாண்டரர்ஸ் தெரிஞ்சிருக்கும். அந்த டீமுக்குச் செல்லப்பேர் 'சேர்பாய்ஸ்'. காரணம், அந்த ஊரோட தொழிலே நாற்காலி. 1870களில் ஒரு நாளைக்கு 4,700 நாற்காலிகள் அங்கே தயாரானதாகக் கணக்கிட்டார்கள். 1877இல் விக்டோரியா மகாராணி அந்த வழியாக வந்தபோது நாற்காலிகளையே அடுக்கி வரவேற்பு வளைவு கட்டினார்கள். நம்ம ஊர்ல வாழை மரம் கட்டுற மாதிரி, அவங்க நாற்காலி கட்டியிருக்காங்க.

அங்கே பெயர் பெற்றது வின்ட்சர் நாற்காலி. அதுல நேர்கோடே இல்லைன்னு சொல்லலாம். உட்காரும் பலகை உடம்புக்கேத்த மாதிரி குழிஞ்சிருக்கும், முதுகுச் சட்டம் வில் மாதிரி வளைஞ்சிருக்கும், கால்கள் கடைசல் பிடிச்சிருக்கும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஆள். காட்டுக்குள்ளயே கொட்டகை போட்டு, வெட்டின ஈரத்தோட பீச் மரத்தை, காலால் மிதிக்கும் கடைசலில் கால்களாகக் கடைபவர் 'பாட்ஜர்'. எல்ம் பலகையை இரண்டு கால்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டு வாச்சியால் குழித்து இருக்கை செய்பவர் 'பாட்டமர்'. சட்டத்தை ஆவியில் வளைக்க ஒருத்தர், கோர்க்க ஒருத்தர்.

வாச்சி, கடைசல் உளி, சீவுகத்தி, ரெண்டு கைப்பிடி வெச்ச சின்ன இழைப்புளியான ஸ்போக்ஷேவ், இரும்புத் தகடு மாதிரி இருக்கிற ஸ்கிரேப்பர். இதெல்லாம் மரத்தை எப்படி வெளியேத்துது? சில்லா, சுருளா, சீவலா. ஈர மரம்னா இன்னும் நல்லது. கீழ விழுந்தா கூட்டி அடுப்புல போடலாம். கடைசியில ஒரு கை கண்ணாடித்தாள். மெஷின்கள் வந்த பிறகு மரம் அந்த அளவுக்குச் சுருளா வரல. தூளா வந்தது. உள் வளைவுக்குச் சுழலும் உருளையில் உப்புத்தாள் மாட்டிய 'பாபின் சாண்டர்', தட்டைக்குப் பெல்ட், வெளி வளைவுக்கு டிஸ்க். நல்லா காய்ந்த ஓக், பீச், மஹோகனி தூள். மாவு மாதிரி மெல்லிசு. கீழ விழாது, மிதக்கும்.

1960களில் ஹை விக்கமில் காது மூக்கு தொண்டை மருத்துவரா இருந்தவர் எஸ்மே ஹாட்ஃபீல்ட். தன்னிடம் வந்த நோயாளிகளில் ஒரு விஷயம் அவர் கண்ணில் பட்டது. மூக்கின் உள்ளே, அதை ஒட்டிய காற்றறைகளில் வரும் அடினோகார்சினோமா என்ற புற்றுநோய். மிக மிக அபூர்வமானது. பல டாக்டர்கள் வாழ்நாளில் ஒன்றுகூடப் பார்க்காமல் ஓய்வு பெறலாம். அவரிடம் திரும்பத் திரும்ப வந்தது. வந்தவர்கள் நாற்காலித் தொழிலாளர்கள். ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த அறுவை மருத்துவர் ரொனால்ட் மாக்பெத்துக்கும் அதே சந்தேகம். 1965இல் அவர் எழுதினார்.

இப்போ ரெண்டாவது அச்சிசன். டொனால்ட் அச்சிசன், ஆக்ஸ்ஃபோர்டில் நோய்ப்பரவலியல் நிபுணர். பின்னாளில் இங்கிலாந்தின் தலைமை மருத்துவ அதிகாரியாகி, எய்ட்ஸ் காலத்தைச் சமாளித்தவர். நாலு பேர் சேர்ந்து பதிவேடுகளைத் தோண்டினார்கள்: யாருக்கு நோய், என்ன வேலை, எந்த வருஷம் பட்டறைக்குள் நுழைந்தார். 1968இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டார்கள். அந்த ஊர் மரச்சாமான் தொழிலாளர்களுக்கு இந்தக் குறிப்பிட்ட புற்றுநோய் வரும் வாய்ப்பு, பொது மக்களை விடப் பல நூறு மடங்கு.

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் அவங்க எப்படிக் காரணத்தைச் சுத்தி வளைச்சாங்கங்கிறது. ஒரு மரச்சாமான் பட்டறையில பசை இருக்கு, வார்னிஷ் இருக்கு, ஸ்பிரிட் இருக்கு, தூள் இருக்கு. எது குற்றவாளி? பாலிஷ் போடறவங்களைப் பார்த்தாங்க. ஸ்பிரிட், வார்னிஷோட நாள் பூரா இருக்கிறது அவங்கதான். அவங்ககிட்ட நோய் குவியல. நாற்காலி, அலமாரி செய்றவங்க, மெஷின்ல நிக்கிறவங்க, இவங்ககிட்டதான். மிச்சம் இருந்தது தூள். அதுவும் கெட்டி மரத் தூள். ஏன் நுரையீரல் இல்லாம மூக்குன்னு கேப்பீங்க. சுவாசிக்கிற காற்றுக்கு மூக்குதான் முதல் வடிகட்டி, மரத்தூள்ல பெரும்பகுதி அங்கேயே படிஞ்சு தங்கிடுது. இவங்கள்ல சிலர் ரெண்டு வருஷம் கழிச்சு நார்தாம்டன்ஷயர்ல ஷூ செய்றவங்ககிட்டயும் இதே மாதிரி ஒண்ணைக் கண்டுபிடிச்சாங்க. அங்க தோல் தூள்.

கொடுமை என்னன்னா, முதல் தடவை தூளைச் சுவாசிச்சதுக்கும் நோய் தெரியறதுக்கும் நடுவுல சுமார் 40 வருஷம். பதினாலு வயசுல பட்டறைக்கு வந்த பையன் ரிட்டையர் ஆகப் போற சமயத்துல ஒரு பக்க மூக்கு அடைப்புன்னு டாக்டர்கிட்ட போறான். தொழிலோட சேர்த்து யார் யோசிப்பா? ஒரு ஊரே ஒரே தொழில்ல இருந்து, அந்த ஊர்லயே ஒரு டாக்டர் நோயாளியோட வேலை என்னன்னு கேட்டதால வெளிய வந்த விஷயம் இது. பத்து ஊர்ல சிதறியிருந்தா இன்னும் எத்தனை வருஷம் ஆகியிருக்குமோ. 1969இல் பிரிட்டன் இதை நஷ்டஈட்டுக்குரிய தொழில்நோயாகப் பட்டியலில் சேர்த்தது. 1995இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளை முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருட்களின் பட்டியலில் வைத்தது. சிகரெட் புகை இருக்கிற அதே பட்டியல்.

உடனே பயந்துடாதீங்க. மாசத்துல ஒரு நாள் ஒரு ஷெல்ஃப் தேய்க்கிறவங்களும், முப்பது வருஷம் தினம் எட்டு மணி நேரம் தேய்க்கிறவங்களும் ஒண்ணு இல்ல. இந்த ஆபத்து முக்கியமா ரெண்டாவது ஆட்களோடது. நான் இதைப் படிக்கும்போது எனக்கு ஞாபகம் வந்ததும் என் மேசை இல்ல, செருப்புத் துண்டு எடுத்துக் கொடுத்த அண்ணன்தான். அவர் பதினஞ்சு வயசுல தொழிலுக்கு வந்தவர்.

சரி, என்ன வாங்கினேன்னு கேட்டு நிறைய மெசேஜ். சொல்றேன். வெளி வளைவுக்கு ரேண்டம் ஆர்பிட்டல் போதும், ஆனா தட்டுக்கும் தாளுக்கும் நடுவுல ஒரு மெத்துன்னு இருக்கிற ஃபோம் பேட் மாட்டணும். மாட்டாம தேய்ச்சதுதான் என் உருளைக்கிழங்கு. மெஷினை ஒரே இடத்துல நிறுத்தாதீங்க, ஓரத்தோட கூர்மை உருண்டுடும். உள் வளைவுக்கு அது நுழையவே நுழையாது. ஒரே மாதிரி வளைவு அம்பது செய்யணும்னா ஸ்பிண்டில் சாண்டர் வாங்குங்க. சுத்திக்கிட்டே மேலும் கீழும் ஏறி இறங்குறதால ஒரே கோட்டுல கீறல் விழாது, மரமும் கருகாது. ஒரு மேசைக்கு அது வேஸ்ட். பெல்ட் சாண்டர் வளைவுக்கு வேண்டவே வேண்டாம், நீங்க யோசிக்கிறதுக்குள்ள மரத்தைத் தின்னுடும். மெஷின் எதுவா இருந்தாலும் தூள் உறிஞ்ச வேக்வம் மாட்டுற வாய் இருக்கான்னு பாருங்க. அதோட கூட வர்ற துணிப் பை பெரிய தூளைத்தான் பிடிக்கும். நமக்குப் பிரச்சினை அதுல தப்பிச்சுப் போறது.

நான் கடைசியில செஞ்சது வேற. முதல்ல ஸ்போக்ஷேவ் வாங்கி ரம்பத் தடத்தைச் சீவி எடுத்தேன். நார் திசை மாறுற இடத்துல ரெண்டு தடவை பிச்சுக்கிட்டு வந்துடுச்சு, ஒத்துக்கிறேன். மூணாவது தடவை அந்த இடம் கைக்குப் பிடிபட்டது. கீழ பூரா சுருள். அப்புறம் பிவிசி பைப்புல 120 நம்பர், 180, 220. தேய்க்க வேண்டிய வேலையே கால்வாசிதான் மிச்சம், தூளும் அந்த அளவுதான். முகத்துல என்95 மாஸ்க்.

அண்ணனுக்கும் ஒரு பெட்டி மாஸ்க் வாங்கிக் கொடுத்தேன். ஹை விக்கம் கதையையும் சொன்னேன். பொறுமையாக் கேட்டார். "நாற்பது வருஷம் கழிச்சு வருதுன்னா, எனக்கு இந்நேரம் வந்திருக்கணுமேம்மா"ன்னு சிரிச்சார். எனக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியல. அடுத்த வாரம் ஒரு ஃபிளாட்ல அவர் கிச்சன் வேலை செய்ற இடத்துக்குப் போனேன். ஜன்னல் சாத்தியிருந்தது, தூள் வெளிய போனா பக்கத்து வீட்ல சண்டைக்கு வர்றாங்களாம். அவர் மூக்குல வழக்கம்போல துண்டு. உதவிக்கு வந்திருந்த பையனுக்குப் பதினெட்டு வயசு இருக்கும். மாஸ்க்கை அவன் முகத்துல மாட்டி விட்டிருந்தார்.